எலி வடிவும் நாலாம் துளையும்

தூத்துக்குடியில் அருணாசலவடிவு என்று விசாரித்தால் அவள் குடியிருக்கும் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எலி வடிவு என்று கேட்டால் டீக்கடைக்காரர் எழுந்து வந்து வீட்டைக் காட்டுவார். அந்தப் பேருக்குக் காரணம் அவள் கணவன் ராஜபாண்டி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், கூட வேலை பார்ப்பவர்களிடம் ஒருநாள், "எம் பொண்டாட்டி கம்ப்யூட்டருக்குள்ள எலி வளக்கா" என்று பெருமையாகச் சொல்லிவைத்தான். பெருமை அவனோடு நின்றுவிட்டது. எலி ஊருக்குள் போய்விட்டது.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வடிவு வேலை பார்ப்பது பாளையங்கோட்டை ரோட்டில், ஒரு பர்னிச்சர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில். மொத்தம் ஏழு பேர். எலிக்கு ஸ்கேன் எடுக்கும் மெஷின் செய்கிறார்கள். எலிக்கு எதற்கு ஸ்கேன் என்று சிரிக்க வேண்டாம். புது மருந்து எதுவும் மனுஷனுக்கு வருவதற்கு முன்னால் எலிக்குத்தான் போகிறது. போன மருந்து கட்டியில் போய்ச் சேர்ந்ததா, வழியில் ஈரலில் உட்கார்ந்துகொண்டதா என்று எலியை அறுக்காமல் பார்க்க வேண்டும். அதற்காக மருந்தோடு துளியூண்டு கதிரியக்கப் பொருளைச் சேர்த்துக் கொடுத்து, உடம்பிலிருந்து வெளியே வரும் கதிர்களைப் பிடித்துப் படமாக்குவார்கள். அந்த மெஷின் இதுவரை கப்பலேறித்தான் வந்துகொண்டிருந்தது. நாமே செய்தால் என்ன என்று கிளம்பியவர் கம்பெனி முதலாளி விஜயராஜ். சாயர்புரத்துக்காரர், எஞ்சினியர், அவசரக்காரர்.

வடிவின் வேலை, அதே மெஷினைக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு தடவை கட்டுவது. தகடு, படிகம், திருகு வரைக்கும் அளவு பிசகக் கூடாது. உள்ளே இருபத்தைந்து கிராமில் ஒரு எலி. அதற்கு எலும்பு உண்டு, ஈரல் உண்டு, மூத்திரப்பை கூட உண்டு. ஆபீசில் அதற்குப் 'பிள்ளையார் வண்டி' என்று பேர். அந்த எலிக்குள்ளிருந்து கோடிக்கணக்கான கதிர்களைப் புறப்பட விடுவாள். ஒவ்வொரு கதிரும் எந்தப் பக்கம் போகும், எதில் முட்டும், எங்கே தொலையும் என்பதைக் கம்ப்யூட்டர் தாயக்கட்டை உருட்டுவது போல உருட்டி உருட்டித் தீர்மானிக்கும். ஒரு தடவை உருட்டினால் என்ன விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடி தடவை உருட்டினால் தாயம் எத்தனை விழும் என்று அடித்துச் சொல்லலாம். அப்படிக் கிடைக்கும் எண்ணையும் நிஜ மெஷின் காட்டும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மெஷினின் லட்சணம் தெரிந்துவிடும்.

இதெல்லாம் அவளுக்குப் புதிதல்ல. ஏரல் பக்கத்து வயக்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, வேலை கிடைக்காமல் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஆறு வருஷம் இருந்தாள். எந்தக் கண்டெய்னர் கப்பலில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியும், அடியில் இருப்பதை மனசுக்குள்தான் அடுக்கிப் பார்க்க வேண்டும். அதைச் செய்து பழகியவளுக்கு எலியும் மெஷினும் ஒரு பொருட்டே இல்லை. நம்பத்தான் ஆள் இல்லை. மெஷின் சொன்னால் கேட்பார்கள். வடிவின் எண் என்றால், "சரி, அது கம்ப்யூட்டர்ல" என்பார்கள். அந்த 'சரி'யைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெஷினின் உயிர் ஒரு டங்ஸ்டன் குழாய். சாண் நீளம். அதைச் சுற்றி வரிசையாக ஒன்பது துளைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. ஒவ்வொரு துளை வழியாகவும் எலியின் ஒரு படம் விழும். டங்ஸ்டன் லேசுப்பட்ட உலோகம் இல்லை. கொஞ்சம் அழுத்தினால் தெறித்துவிடும். அதில் துளை போட்டவர் சிவனணைந்தபெருமாள். மீன்பிடித் துறைமுகம் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர், ஐம்பத்தெட்டு வயசு. விசைப்படகுகளுக்குத் தண்ணீருக்குள் சுழலும் காற்றாடியின் தண்டு கடைந்து கொடுத்த கை அது. இந்தக் குழாய்க்கு மட்டும் நாற்பது நாள் எடுத்துக்கொண்டார். அந்த நாற்பது நாளும் பட்டறையில் ரேடியோ கூடப் பாடவில்லை.

ஆயுத பூசை முடிந்த மறுநாள் மெஷினைப் பூட்டினார்கள். பெருமாளே வந்து குழாயைப் பொருத்தி, அதற்குள் எலி படுக்கும் கறுப்பு டியூபையும் செருகிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே சோதனை ஆரம்பம். சோதனைக்கென்று ஒரு பெட்டியில் கதிர் வீசும் வில்லைகள் இரண்டு இருந்தன. கோபால்ட் வில்லையின் கதிர் முரடு, எதையும் முட்டித் தள்ளிக்கொண்டு போகும். அயோடின் வில்லையின் கதிர் பூஞ்சை, சின்னத் தடுப்புக்கே நின்றுவிடும். கோபால்டில் ஒன்பது துளையும் வடிவு சொன்ன எண்ணுக்கு ஏறக்குறைய ஒத்து வந்தன. நாலாம் துளையில் மட்டும் நூற்றுக்கு நாலு குறைவு. அது ஒரு குறையா என்று விட்டுவிட்டார்கள்.

அயோடினை வைத்தபோதுதான் குண்டு விழுந்தது. துளைக்கு நிமிஷத்துக்கு ஆயிரம் கதிர் என்று வடிவு கணக்குச் சொல்லியிருந்தாள். எட்டுத் துளைகள் ஆயிரத்தை ஒட்டி வந்தன. நாலாம் துளை ஐந்நூற்றுத் தொண்ணூறு.

மூன்று தடவை எடுத்தார்கள். அதே ஐந்நூற்றுத் தொண்ணூறு. அடுத்த வியாழக்கிழமை சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சி நிலையத்தார் மெஷினைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் எலிகளுக்கு அயோடின்தான் கொடுப்பவர்கள். விஜயராஜுக்கு வேர்த்துவிட்டது.

"துளை சின்னதா விழுந்திருக்கு. வேற என்ன?" என்றார்.

"சார், துளை சின்னதுன்னா கோபால்டும் அதே அளவுக்குக் கொறையணும்லா. நான் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்துட்டேன். கோணலாப் போட்டிருந்தாலும் ரெண்டும் சேந்துதான் கொறையும். இது துளைல இல்ல."

"சரி, அது கம்ப்யூட்டர்ல."

அன்று மத்தியானமே அவர் சென்னைக்கு மெயில் போட்டார். நாலாம் துளை தவறாகக் கடையப்பட்டிருக்கிறது, சரிசெய்கிறோம் என்று. குழாயையும் டியூபையும் கழற்றிப் பெருமாளிடம் அனுப்பி, நாலாம் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அந்த வேலை. ஒருமுறை அகலப்படுத்தினால் அகலப்படுத்தினதுதான். அப்புறம் கோபால்டில் அந்தத் துளை அதிகமாகக் காட்டும், குழாயே வீணாகும்.

திங்கட்கிழமை வடிவு பட்டறைக்குப் போனாள். பெருமாள் லேத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"ஏளா, ஒங் கம்ப்யூட்டரு என்ன சொல்லுது? எங் கை போயிட்டுன்னா சொல்லிரு. பட்டறையப் பூட்டிட்டுப் போயிருதேன். அடுத்தவன் சொல்லி நான் பூட்டக் கூடாது."

"ஒங்க கைல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"அப்பம் எதுல இருக்கு?"

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்ததில் அவளுக்கு அழுகை முட்டியது. தன் எண்ணை இவர்கள் நம்பாதது ஒரு பக்கம். அதை நம்பாததால் ஒரு நல்ல தொழிலாளியின் கை மேல் பழி விழுகிறதே, அதுதான் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசில் உட்கார்ந்தவள் கேள்வியைத் திருப்பிப் போட்டாள். மெஷினில் என்ன குறை என்று தேடாமல், எதைக் கொண்டுவந்து நாலாம் துளைக்கு முன்னால் வைத்தால் ஐந்நூற்றுத் தொண்ணூறு வரும் என்று தேடினாள். முரட்டுக் கதிர் போய்விடுகிறது, பூஞ்சைக் கதிர் நிற்கிறது. அப்படியானால் அங்கே மெல்லிசாக ஏதோ மறைக்கிறது. கம்ப்யூட்டருக்குள் காகிதத்தை வைத்தாள், கதிர் அது பாட்டுக்குப் போனது. செல்லோடேப், எண்ணெய், தூசி எதுவும் போதவில்லை. பசை வைத்தால் விரல் தடிமனுக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு இடமே அங்கே கிடையாது. அலுமினியம், செம்பு என்று வரிசையாக வைத்துக்கொண்டே போய், கடைசியில் ஈயத்தைப் பொடியாக, மேலாகத் தூவினாற்போல வைத்தாள். ஓட்டிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தாள். இட்லியை வாயில் வைக்கும்போது எண் வந்தது.

அயோடின், ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. கோபால்ட், நூற்றுக்கு நாலு குறைவு.

அந்த நாலு! யாரும் சட்டை பண்ணாமல் விட்ட நாலு! வடிவு இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். அங்கே ஈயம் இருக்கிறது. எப்படி வந்தது, யார் வைத்தது, ஒன்றும் தெரியாது. ஆனால் இருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்வது போல இரண்டு எண்ணும் சொல்கின்றன.

இனி அளவு. ஐந்தாம் துளையின் படத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் இடது ஓரம் மட்டும் துளி மங்கல். அப்படியென்றால் மறைப்பது நாலாம் துளையை முழுசாக மூடி, ஐந்தாம் துளையின் ஓரத்தைத் தொடுகிறது. வட்டமாக வைத்து ஓட்டினாள். பதின்மூன்று மில்லிமீட்டர் வட்டம் என்றால் பொருந்தியது. பதின்மூன்று மில்லிமீட்டர் எவ்வளவு பெரிசு? மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்து, விரல் நுனியை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் சின்னது. கட்டைவிரல் பெரிசு. மோதிர விரலை அழுத்தி வைத்தபோது சரியாக இருந்தது.

மோதிர விரல்.

அவசர அவசரமாகப் பழைய படங்களைத் திறந்தாள். பூட்டுவதற்கு முன்னால் எடுத்த கறுப்பு டியூபின் படம். சென்னைக்காரர்களுக்கான அறிக்கையில் ஒட்டியதே அவள்தான். இருபது தடவையாவது பார்த்திருப்பாள். விஜயராஜ் பார்த்திருக்கிறார், பெருமாள் கையில் பிடித்திருக்கிறார். டியூபின் மேல்பக்கத்தில், செருகுவதற்கு அடையாளமாக அம்புக்குறி போட்ட இடத்தில், அருமையாக ஒரு பொட்டு இருந்தது. கீழே சந்தனம், மேலே குங்குமம்.

லாரியிலிருந்து தையல் மெஷின் வரைக்கும் பொட்டில்லாத இரும்பு எதை இந்த ஊரில் பார்க்கிறோம்? பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கே அது படுவதில்லை. பூசை நாளன்று டியூபை மேஜையில் நிற்க வைத்திருந்தார்கள். முகமில்லாத சாமானுக்கு எங்கே பொட்டு வைப்பது என்று யோசித்து, அம்புக்குறிதான் நெற்றி என்று முடிவுகட்டி, வைத்தவள் வேறு யாருமில்லை, அருணாசலவடிவுதான். திருவிழாக் கடையில் பளிச்சென்ற நிறத்துக்காக வாங்கிய மலிவுக் குங்குமம். நிறத்துக்காக அதில் ஈயச் செந்தூரம் கலப்பவர்கள் உண்டு என்பது படித்தவளுக்குத் தெரியாததா? பூசைப் பொட்டை அழிக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்பதால் பெருமாளும் துடைக்காமல் அப்படியே செருகிவிட்டார். அம்புக்குறி நேராகப் பார்ப்பது நாலாம் துளையை.

மணி இரண்டு நாற்பது.

பெருமாளுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வேலையில் இறங்கினால் அவர் போன் ஆணியில் தொங்கும் சட்டைக்குள் கிடக்கும். விஜயராஜ் வெளியே போயிருந்தார். வடிவு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். ரெண்டாம் ரயில்வே கேட் பூட்டியிருந்தது. சரக்கு வண்டி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அந்த எஞ்சினையும் அதை ஓட்டினவரையும் அவள் வாய்க்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கேட் திறந்ததும் உப்பு லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து போனாள்.

பட்டறை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லை, சாய்த்துப் போட்டாள். உள்ளே குழாயை இறுக்கிப் பூட்டி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, பெருமாள் துளை போடும் மெஷினின் கைப்பிடியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க! தொட்டுராதிய!"

துளைப்பான் துளைக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது. பெருமாள் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னளா, பேயறஞ்ச மாதிரி வார?"

"கறுப்பு டியூப் எங்க?"

அட்டைப் பெட்டியைக் காட்டினார். அவள் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதப் பாருங்க."

"பாத்தாச்சு. டியூபு."

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லியே."

"அண்ணாச்சி, பொட்டு இருக்கு!"

"ஆமா, பொட்டு இருக்கு. அதுக்கென்ன? நீதான வச்ச."

வடிவு மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் பெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அப்பம் எங் கை சரியா இருக்குல்லா?" என்று கேட்டார்.

"எங் கைதான் சரியில்ல அண்ணாச்சி. என்னய மன்னிச்சிருங்க."

"சவத்தத் தள்ளு. நீ வச்ச, நான் அழிக்கல. ரெண்டு பேருமாத்தான் செஞ்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, அந்த மனுஷன் கெக்கெக்கென்று சிரித்தார். சிரிப்பிலேயே கண்ணீரும் வந்தது.

துடைத்துவிட்டு எடுத்துப் பார்க்கலாம் என்றார் விஜயராஜ், விஷயம் கேட்டு ஓடிவந்ததும். வடிவு ஒத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் சரியாகிவிடும், ஆனால் அவள் சொன்னதுதான் காரணம் என்று யார் நம்புவது? புதன்கிழமை மெஷினை மறுபடி பூட்டினார்கள். டியூபை ஒரு துளை தூரம் மட்டும் திருப்பிச் செருகச் சொன்னாள். வெள்ளைப் பலகையில் எல்லோரும் பார்க்க எழுதினாள்: நாலாம் துளை ஆயிரம், ஐந்தாம் துளை ஐந்நூற்றுத் தொண்ணூறு. அயோடின் வில்லையை வைத்துவிட்டு ஏழு பேரும் பெருமாளும் திரையைச் சுற்றி நின்றார்கள்.

நாலாம் துளை ஆயிரத்து நாலு. ஐந்தாம் துளை ஐந்நூற்று எண்பத்தெட்டு.

கீழே பர்னிச்சர் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார், அவ்வளவு சத்தம். பெருமாள் யார் யாரையோ கட்டிப் பிடித்தார். விஜயராஜ் அந்த இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். 'சரி, அது கம்ப்யூட்டர்ல' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அப்புறம் பொட்டை அழிக்க யாரும் கை நீட்டாததால், வடிவே பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். ஒன்பது துளையும் ஆயிரத்துக்கு வந்தன.

அன்று சாயந்திரம் விஜயராஜ் அறிக்கையோடு அவளிடம் வந்தார்.

"வடிவு, பழைய எண்ணையெல்லாம் எடுத்துருங்க. இப்பத்தான் எல்லாம் சரியா இருக்கே. பொட்டு கிட்டுன்னு எழுதினா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். துளை தப்புன்னு நீங்க மெயில் போட்டிருக்கிய. அத யாரு மாத்துதது?"

விஜயராஜ் நெற்றியைச் சொறிந்தார். பிறகு, "எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல் பக்கத்திலேயே அவள் எழுதினாள்: நாலாம் துளையில் பிழை இல்லை. டியூபின் மேல் குங்குமம் இருந்தது. வைத்தவர் அருணாசலவடிவு.

வியாழக்கிழமை வந்த குழுவின் தலைவி டாக்டர் செல்வராணி. ஐம்பது வயசிருக்கும், சிரிக்காத முகம். நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசித்தார். பின்னால் போய் எண்களைப் பார்த்தார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

"துளை போட்டது யாரு?"

பெருமாள் எழுந்து நின்றார். செல்வராணி தன் கோப்பில் இருந்த மெயிலை எடுத்து, துளை தவறு என்ற வரியை அவர் பார்க்கவே பேனாவால் அடித்தார். பிறகு வடிவைப் பார்த்தார்.

"திறந்து பாக்காமலே கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமா மேடம்."

செல்வராணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க லேப்ல இருக்கிறது வெளிநாட்டு மெஷின். ரெண்டு வருஷமா படத்துல அங்கங்க மங்கல். கம்பெனிக்காரங்க மூணு தடவ வந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு போயிட்டாங்க." அதற்குமேல் சொல்லாமல் போனை எடுத்து, லேபில் இருந்த உமாராணி என்ற உதவியாளரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார். "மெஷினோட உள் டியூபை உருவிப் பாரும்மா. ஆயுத பூஜைப் பொட்டு ஏதாவது இருக்கா?"

அந்தப் பக்கம் எதையோ உருவுகிற சத்தம் கேட்டது.

"இருக்கு மேடம்," என்றது உமாராணியின் குரல். "மூணு இருக்கு. அழிச்சிடட்டுமா? ஒண்ணு வந்து இந்த..."

"அழிக்காதிய!" என்று வடிவு மேஜையைத் தாண்டிப் போனை நோக்கிக் கத்தினாள். "எங்கன இருக்குன்னு என்கிட்ட சொல்லவும் செய்யாதிய! அப்படியே உள்ள வச்சு ஒரு அளவு எடுத்து எண்ண மட்டும் அனுப்புங்க. மூணும் எங்கெங்க இருக்குன்னு நான் சொல்லுதேன்."

சிரிக்காத முகத்துக்காரர் சிரித்துவிட்டார். "கேட்டியா உமா? அவங்க சொல்றபடியே செய்" என்றார்.